மேலே வாய்மொழி, கீழே கையெழுத்து

புழல் சிறைக்குள் ஒருவரை அடைக்க ஆள் மட்டும் போதாது, காகிதமும் வேண்டும். நீதித்துறை நடுவரின் ரிமாண்ட் உத்தரவு, அதையொட்டிய வாரண்ட், மருத்துவரின் சான்று, வழிக்காவலுக்கு வந்தவர்களின் விவரம் என்று எல்லாம் கையெழுத்தோடு இருக்க வேண்டும். வாசலில் இருக்கும் சிறை அலுவலர் ஆளைப் பார்க்கும் முன்பு அவற்றைத்தான் பார்க்கிறார். ஒரு காகிதம் குறைந்தாலும் நள்ளிரவானாலும் வண்டி திரும்பிப் போக வேண்டியதுதான்.

சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் ஜி.என்.டி. சாலையில், நகரத்துக்குக் குடிநீர் தரும் புழல் ஏரிக்குப் பக்கத்தில் இந்தச் சிறை வளாகம் இருக்கிறது. சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டி 1837 முதல் இயங்கிவந்த பழைய மத்திய சிறையை மூடிவிட்டு 2006இல் இங்கே மாற்றினார்கள். தண்டனைக் கைதிகளுக்கு ஒன்று, விசாரணைக் கைதிகளுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என்று மூன்று சிறைகள். ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டைக் குடும்பங்களுக்குப் பழைய சிறை எட்டும் தூரத்தில் இருந்தது. இப்போது மனு போட்டுக் கைதியைப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பேருந்து ஏற வேண்டும். எண்ணூர், திருவொற்றியூர்ப் பெண்கள் பலருக்குப் புழல் என்ற பெயர் ஏரியை நினைவூட்டுவதில்லை.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர், அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ 76 பேர், விசாரணைக் கைதிகள். இவர்கள்மீது குற்றம் இன்னும் மெய்ப்பிக்கப்படவில்லை. இவர்களை உள்ளே வைத்திருக்கத் தீர்ப்பு என்று எதுவும் இல்லை. ஒரு காவல் அதிகாரி, ஒரு மருத்துவர், ஒரு நடுவர், ஒரு சிறை அலுவலர் ஆகியோரின் கையெழுத்துகளே வைத்திருக்கின்றன. சட்டம் அந்தக் கையெழுத்துகளைச் சடங்காகக் கேட்கவில்லை. ஒருவருடைய சுதந்திரத்தைப் பறிக்கும் ஒவ்வொரு படியிலும் பெயர் தெரிந்த ஒரு மனிதர் நின்று 'நான் பார்த்தேன், எனக்குத் திருப்தி' என்று பொறுப்பேற்க வேண்டும் என்பதே அதன் எதிர்பார்ப்பு. நடைமுறையில் இது தலைகீழாகிவிட்டது. ஒவ்வொருவரும் தமக்கு முன்னால் கையெழுத்திட்டவரை நம்பிக் கையெழுத்திடுகிறார். கடைசியில் நான்கு கையெழுத்துகள் இருக்கின்றன, பார்த்தவர் ஒருவரும் இல்லை.

முதல் கையெழுத்து கைதுக் குறிப்பில் விழுகிறது. மேற்கு வங்கத்தில் சட்ட உதவி அமைப்பொன்றின் செயல் தலைவராக இருந்த டி.கே. பாசு, காவல் நிலைய மரணங்களைப் பற்றி 1986இல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அதையே மனுவாக எடுத்துக்கொண்ட நீதிமன்றம் 1996 டிசம்பரில் பதினொரு கட்டளைகளைப் பிறப்பித்தது. கைது செய்பவர் பெயர் தெளிவாகத் தெரியும் பட்டை அணிய வேண்டும். கைதுக் குறிப்பில் குடும்பத்தவரோ அப்பகுதியின் மதிப்புக்குரிய ஒருவரோ சாட்சிக் கையெழுத்திட வேண்டும். கைதானவரும் கையெழுத்திட வேண்டும். 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும். அந்தத் தீர்ப்பில் என்னைக் கவர்வது பெயர்ப்பட்டைதான். பிடித்துக்கொண்டு போகிறவர் யார் என்று பிடிபடுகிறவருக்குத் தெரிய வேண்டும் என்பதைச் சொல்ல ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றம் தேவைப்பட்டிருக்கிறது. சாதாரண உடுப்பில், எண் தெரியாத வண்டியில் வந்து 'சும்மா விசாரிக்கத்தான்' என்று அழைத்துப் போவது இன்றைக்கும் வடசென்னைத் தெருக்களில் யாருக்கும் வியப்பளிக்காது.

மருத்துவரின் கையெழுத்தைப் பற்றிப் பேச வந்தால் தமிழ்நாட்டில் மாவுக்கட்டைப் பற்றிப் பேசாமல் நகர முடியாது. கையிலும் காலிலும் மாவுக்கட்டோடு நிற்கும் இளைஞரின் படமும், 'தப்பி ஓட முயன்றபோது' அல்லது 'கழிவறையில் வழுக்கி விழுந்து' என்ற விளக்கமும் நமது செய்தித்தாள்களில் பல ஆண்டுகளாகச் சேர்ந்தே வருகின்றன. சமூக வலைத்தளங்களில் அது நகைச்சுவையாகவே ஆகிவிட்டது. படத்தைப் பார்த்துச் சிரித்தவர்களில் நாமும் இருந்திருப்போம். 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஓர் அமர்வு, காவல் நிலையக் கழிவறைகள் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு மட்டும் எப்படி வழுக்குகின்றன என்று கேட்டது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்களில் மருத்துவரும் ஒருவர். கைதானவரைப் பரிசோதித்துக் காயங்களையும், அவை ஏற்பட்டிருக்கக்கூடிய நேரத்தையும் பதிய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் நூறு நோயாளிகளுக்கு நடுவே, பக்கத்தில் ஏட்டு நிற்க, அந்த மருத்துவர் எழுதுவது பெரும்பாலும் சிறைக்கு அனுப்பத் தகுதியானவர் என்ற ஒரு வரிதான். எலும்பு முறிவின் தன்மையைப் பார்த்தால் அது வழுக்கி விழுந்ததா, அடியா என்று ஒரு எலும்பு மருத்துவர் பெரும்பாலும் ஊகித்துவிடுவார். அவருடைய அந்த அறிவு தாளில் இடம்பெறுவதில்லை.

நடுவரிடம்தான் சற்று நிற்க வேண்டும். மற்ற மூவரும் நிர்வாகத்தின் பகுதி. நடுவர் அதற்கு வெளியே இருப்பவர். 24 மணி நேரத்துக்குள் அவர் முன்னால் நிறுத்தியாக வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 22ஆவது பிரிவு சொல்வதன் காரணமே, காவல் துறையின் பிடியில் இருக்கும் ஒருவரைக் காவல் துறை அல்லாத ஒரு கண் பார்க்க வேண்டும் என்பதுதான். அந்தக் கண் பார்க்கத் தவறினால் என்ன நடக்கும் என்பதற்குப் பீகாரின் பாகல்பூர் சாட்சி. 1979–80இல் அங்கே 30க்கும் மேற்பட்ட கைதிகளின் கண்களைக் காவலர்கள் குத்தி அமிலம் ஊற்றினார்கள். கண் போன அந்த மனிதர்கள் நடுவர்கள் முன் நிறுத்தப்பட்டார்கள். அவர்களைக் காவலில் வைக்கும் உத்தரவுகள் கையெழுத்தாயின. கண்ணுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கப்படவில்லை. 1980 டிசம்பரில், இதைப் பற்றிய காத்ரி வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி பகவதி, ரிமாண்ட் நடுவர்கள் நடந்துகொண்ட முறையைக் கடுமையாகச் சாடினார். முதன்முறை நிறுத்தப்படும்போதே இலவசச் சட்ட உதவி உண்டு என்று கைதியிடம் சொல்வது நடுவரின் கடமை என்பதும் அந்த வழக்கில் வந்ததுதான்.

நாற்பது ஆண்டுகள் கழித்து ஜார்ஜ் டவுனிலோ திருவொற்றியூரிலோ பொன்னேரியிலோ ஒரு ரிமாண்ட் எப்படி நடக்கிறது? மாலையில் நீதிமன்றம் முடிந்த பிறகோ இரவில் நடுவரின் வீட்டு வாசலிலோ ஆளை நிறுத்துகிறார்கள். பெயர், தகப்பன் பெயர் கேட்கப்படுகிறது. 'போலீஸ் அடிச்சாங்களா?' என்ற கேள்வியும் பல நடுவர்கள் கேட்பதுதான். அந்தக் கேள்வி கேட்கப்படும்போது அடித்தவரோ அவருடைய சகாவோ கையெட்டும் தொலைவில் நிற்கிறார். அங்கிருந்து புழல் வரை அதே வண்டியில்தான் போக வேண்டும். 'இல்லைங்கய்யா' என்பதைத் தவிர வேறு என்ன பதிலை எதிர்பார்க்க முடியும்? காவலர்களைக் கூப்பிடு தூரத்துக்கு அப்பால் அனுப்பிவிட்டுக் கேட்க எந்தச் சட்டமும் தடை சொல்லவில்லை. சட்டையைக் கழற்றச் சொல்லிப் பார்க்கவும் தடையில்லை. அப்படிக் கேட்கிற நடுவர்கள் இருக்கிறார்கள்; அவர்களுடைய எல்லையில் இருக்கும் காவல் நிலையங்களுக்கு அது தெரிந்தும் இருக்கும்.

2014 ஜூலையில் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தப் பொறுப்பைத் தனிமனிதர்மீதே சுமத்தியது. ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைது ஏன் அவசியம் என்று காவல் அதிகாரி காரணம் எழுத வேண்டும். அந்தக் காரணத்தை எடைபோட்டுத் தமது திருப்தியை நடுவர் எழுத வேண்டும். எழுதாமல் காவலில் வைக்க அனுமதிக்கும் நடுவர்மீது உயர் நீதிமன்றம் துறை நடவடிக்கை எடுக்கலாம். இதன் விளைவு சரிபார்ப்புப் படிவமாக வந்து சேர்ந்தது. 'மேலும் குற்றம் செய்யாமல் தடுக்க', 'சாட்சிகளைக் கலைக்காமல் இருக்க' என்று அச்சிட்ட வரிகளுக்கு எதிரே குறியிட்டால் கைதுக்குக் காரணம் தயார். சிந்திக்கச் சொன்ன தீர்ப்பைக் கட்டத்தில் குறிபோடும் வேலையாக மாற்றிக்கொள்ளும் திறமை நமது அலுவலகங்களுக்கு எப்போதும் உண்டு.

நான்காவது கையெழுத்து சிறையுடையது. அங்கே போன பிறகு ஒருவருடைய உயிருக்குப் பொறுப்பு முழுக்கச் சிறை நிர்வாகம்தான். 2016இல் நுங்கம்பாக்கம் ரயில் நிலையக் கொலை வழக்கில் கைதான இளைஞர் அந்த ஆண்டு செப்டம்பர் 18ஆம் தேதி புழல் சிறையில் இறந்தார். மின்கம்பியைக் கடித்துத் தற்கொலை செய்துகொண்டதாக நிர்வாகம் சொன்னது, குடும்பம் ஏற்கவில்லை, பிரேதப் பரிசோதனையில் யார் இருப்பது என்பதே நீதிமன்றம் வரை போய், தில்லி எய்ம்ஸ் மருத்துவர் வந்த பிறகுதான் நடந்தது. கொலை வழக்கு விசாரணைக்கே வராமல் முடிந்தது. குற்றம் செய்தவரா இல்லையா என்று இனி எந்த நீதிமன்றமும் சொல்லப்போவதில்லை. கொல்லப்பட்ட பெண்ணின் குடும்பத்துக்கும் அது நீதி இல்லை. ஈராண்டு கழித்து, 2018 செப்டம்பரில், அதே புழலில் சில கைதிகள் தொலைக்காட்சியும் அலங்காரப் படுக்கையுமாக வாழும் படங்கள் வெளியாகின. ஒரே சுவருக்குள் இரண்டு விதமான வாழ்க்கை இருந்திருக்கிறது. வார்டர்கள் சிலர் இடம் மாற்றப்பட்டார்கள்.

நான்கு கையெழுத்தும் ஒழுங்காக இருந்த வழக்கு என்றால் சாத்தான்குளம்தான். 2020 ஜூன் 19 அன்று, கொரோனா ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லிக் கடைக்காரர் ஜெயராஜைப் பிடித்தார்கள். பின்னாலேயே போன மகன் பென்னிக்ஸையும் பிடித்தார்கள். இரவெல்லாம் அடி. மறுநாள் அரசு மருத்துவர் சான்று கொடுத்தார். நடுவர் ரிமாண்ட் செய்தார். மாடியில் நின்றபடியே, கீழே நின்றவர்களைச் சரியாகப் பார்க்காமல் செய்தார் என்ற குற்றச்சாட்டு பிறகு எழுந்தது. கோவில்பட்டிக் கிளைச் சிறை ஏற்றுக்கொண்டது. ஜூன் 22 இரவு மகனும் 23 காலை தந்தையும் இறந்தார்கள். காகிதத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் எந்தப் படியிலும் தவறே நடக்கவில்லை.

காகிதம் சொல்லாததைச் சொன்னது ஐந்தாவது ஒரு கையெழுத்து. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அனுப்பிய கோவில்பட்டி நடுவர் பாரதிதாசன் காவல் நிலையத்துக்குள் விசாரிக்கப் போனபோது, அங்கிருந்த காவலர் ஒருவர் அவரையே மரியாதையின்றிப் பேசினார். கேமராப் பதிவுகள் அன்றன்றே அழியும்படி அமைக்கப்பட்டிருந்தன. தலைமைக் காவலர் ரேவதி மட்டும் அன்றிரவு நடந்ததைச் சொன்னார். லத்திகளிலும் மேசையிலும் ரத்தக் கறை இருந்ததைச் சொன்னார். ஆனால் சொன்னதற்குக் கீழே கையெழுத்திட அவர் தயங்கினார், நெடுநேரம் உறுதி சொன்ன பிறகே இட்டார் என்று நடுவரின் அறிக்கை தெரிவித்தது. அவருக்குப் பாதுகாப்பும் சம்பளத்தோடு விடுப்பும் கொடுக்க உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. மருத்துவருக்கும் ரிமாண்ட் நடுவருக்கும் சிறை அலுவலருக்கும் எளிதாக வந்த கையெழுத்து ஓர் ஏட்டுக்கு மட்டும் அவ்வளவு கடினமாக இருந்ததற்கு ஒரே காரணம், அவர் மட்டுமே தாம் கண்ணால் பார்த்ததற்குக் கீழே கையெழுத்திட்டார் என்பதுதான். சி.பி.ஐ. பின்னர் ஆய்வாளர் உட்பட ஒன்பது காவலர்கள்மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது.

கையெழுத்தே இல்லாமலும் ஒருவர் சாகலாம் என்பதை 2025 ஜூனில் திருப்புவனம் அருகே மடப்புரம் காட்டியது. கோயில் காவலாளி அஜித்குமார், காரில் இருந்த நகை காணாமல்போன புகாரில் விசாரிக்கப்பட்டார். மானாமதுரை டி.எஸ்.பி.யின் கீழிருந்த தனிப்படை அவரைக் கொண்டுபோய் அடித்தது. ஜூன் 28 அன்று இறந்தார். உடலில் 44 காயங்கள். எஃப்.ஐ.ஆர். கூடப் பதியாமல் தனிப்படை எப்படி வந்தது, யார் உத்தரவில் வந்தது என்று நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியமும் ஏ.டி. மரியா கிளீட்டும் கேட்டார்கள். அடித்த ஐந்து காவலர்கள் கைதானார்கள். டி.எஸ்.பி. இடைநீக்கம் செய்யப்பட்டார், மாவட்டக் கண்காணிப்பாளர் காத்திருப்போர் பட்டியலுக்குப் போனார். விசாரணை சி.பி.ஐ.க்கு மாறியது.

நீதிபதிகளின் அந்தக் கேள்வியில்தான் காவல் துறையின் உள்ளமைப்பு இருக்கிறது. ஒரு நிலையத்தில் கீழிருந்து மேலே போவதெல்லாம் எழுத்து: கேஸ் டைரி, பொது நாட்குறிப்பு, தினசரி அறிக்கை, மெமோவுக்கு விளக்கம். மேலிருந்து கீழே வருவதில் பெரும்பகுதி வாய்மொழி: மைக்கில் ஒரு சொல், தொலைபேசியில் ஒரு குரல், 'நாளைக்குள்ள ஆள் வேணும்' என்ற அவசரம். அசம்பாவிதம் நடந்துவிட்டால் எழுத்து பேசும், குரல் காற்றோடு போகும். பொறுப்பு எப்போதும் கீழ்த்தட்டில் வந்து படிவது இதனால்தான். ஆறு காவலர், ஒரு எஸ்.ஐ. என்று கைதுப் பட்டியல் முடிந்துவிடும்.

கேரளத்தில் ஒரு காவலர் இதை வாய்விட்டுச் சொல்ல 28 ஆண்டுகள் எடுத்துக்கொண்டார். 1970 பிப்ரவரியில் வயநாட்டின் திருநெல்லிக் காட்டில் நக்சலைட் தலைவர் வர்கீஸ் மோதலில் இறந்ததாகக் காவல் துறை சொன்னது. பிடிபட்டு நின்ற அவரை மேலதிகாரியின் கட்டளைப்படி நானே சுட்டேன் என்று காவலர் ராமச்சந்திரன் நாயர் 1998இல் வெளிப்படையாகச் சொன்னார். அப்படிச் சொன்னதால் அவரே வழக்கின் முதல் எதிரியானார்; 2006இல் இறந்தும் போனார். கட்டளையிட்டதாகச் சொல்லப்பட்ட லட்சுமணா அதற்குள் ஐ.ஜி.யாக உயர்ந்து ஓய்வு பெற்றிருந்தார். 2010இல் அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மறு ஆண்டே பிரகாஷ் கதம் வழக்கில் உச்ச நீதிமன்றம், மேலதிகாரி சொன்னார் என்பது போலி மோதல் கொலைக்குச் சாக்காகாது, சட்டவிரோதக் கட்டளையை மறுப்பதே காவலரின் கடமை என்று நியூரம்பர்க் விசாரணையை எடுத்துக்காட்டிச் சொன்னது. சொன்னது சரி. ஆனால் மறுக்கிற காவலரை மறுநாள் யார் காப்பாற்றுவது என்பதற்கு அந்தத் தீர்ப்பில் இடமில்லை.

வடசென்னையில் இந்தக் கையெழுத்து வரிசையின் இன்னொரு வடிவம் பல ஆண்டுகள் புழக்கத்தில் இருந்தது. அதில் நடுவரே காவல் அதிகாரி. ரவுடிப் பட்டியலில் பெயர் இருக்கும் ஒருவரை வரவழைத்து, குற்ற நடைமுறைச் சட்டத்தின் 110ஆவது பிரிவின் கீழ், குறிப்பிட்ட காலத்துக்கு ஒழுங்காக இருப்பேன் என்று நன்னடத்தைப் பிணைப்பத்திரம் எழுதி வாங்குவார்கள். அதற்குள் இன்னொரு வழக்கு வந்தால் பிணையை மீறியதாக எடுத்துக்கொண்டு மீதமுள்ள காலத்துக்கும் சிறைக்கு அனுப்பலாம். இது நிர்வாக நடுவரின் அதிகாரம். வழக்கமாக வருவாய்த் துறையினர் செலுத்துவது. 2013, 2014ஆம் ஆண்டு அரசாணைகள் வழியாகத் தமிழக அரசு இதைக் காவல் துணை ஆணையர்களுக்குக் கொடுத்தது. புகார் எழுதும் ஆய்வாளர் துணை ஆணையரின் கீழ் வேலை பார்ப்பவர். விசாரித்துச் சிறைக்கு அனுப்புபவர் அந்தத் துணை ஆணையர். பிணையை மீறினார் என்பதற்கு ஆதாரமான புது வழக்கைப் போட்டதும் அதே நிலையம். பேப்பரில் 'பிணையை மீறிய ரவுடிக்கு 200 நாள் சிறை' என்பது போன்ற செய்தியைப் படித்தபோது, அந்த உத்தரவைப் பிறப்பித்தது நீதிமன்றம் இல்லை என்பது நம்மில் எத்தனை பேருக்கு உறைத்தது?

2023 மார்ச்சில் நீதிபதிகள் என். சதீஷ்குமாரும் என். ஆனந்த் வெங்கடேஷும் அந்த அரசாணைகள் செல்லாது என்றார்கள். காவல் துறையையும் நீதி வழங்கும் அதிகாரத்தையும் ஒரே கையில் சேர்ப்பது அதிகாரப் பிரிவினைக்கு எதிரானது என்பது அவர்களுடைய அடிப்படை. ஏறத்தாழ பத்தாண்டு இந்த ஏற்பாட்டில் பிறப்பிக்கப்பட்ட உத்தரவுகளால் உள்ளே கழிந்த நாட்களை எவரும் திருப்பித் தர முடியாது. இங்கே கையெழுத்திட்டவர்கள் கீழ்நிலைக் காவலர்கள் இல்லை, உயரதிகாரிகள். அரசாணையைப் பின்பற்றினார்கள், அவ்வளவுதான். ஏட்டு 'மேலிடத்து உத்தரவு' என்றால் நாம் ஏற்பதில்லை. துணை ஆணையர் சொன்னால் அது நிர்வாகம் என்று பெயர் பெறுகிறது.

குண்டாஸ் எனப்படும் குண்டர் தடுப்புச் சட்டமும் இதே குடும்பம். 1982ஆம் ஆண்டின் 14ஆவது சட்டப்படி மாநகர ஆணையரோ மாவட்ட ஆட்சியரோ கையெழுத்திட்டால் ஒருவரை விசாரணையின்றி 12 மாதம் வரை அடைத்து வைக்கலாம். தடுப்புக் காவல் கைதிகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு நாட்டிலேயே முன்னணியில் இருப்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் ஆண்டுதோறும் காட்டுகின்றன. உயர் நீதிமன்றத்துக்குப் போகும் உத்தரவுகளில் கணிசமானவை ரத்தாகின்றன: கொடுத்த நகலில் ஒரு பக்கம் படிக்க முடியவில்லை, தமிழ் மொழிபெயர்ப்பு இல்லை, மனுவைப் பரிசீலிக்கத் தாமதம். அதற்குள் பல மாதங்கள் உள்ளே போயிருக்கும். மங்கலான நகலுக்காக விடுதலை கிடைக்கிறது. உத்தரவு நியாயமா என்ற கேள்வி தொடப்படாமலே கிடக்கிறது. வேண்டியவர்களை விட்டுவிட்டு வேண்டாதவர்களைப் பொறுக்குகிறார்கள் என்று தெருவில் பேசிக்கொள்வதற்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

தவறு மெய்ப்பிக்கப்பட்டால் யார் விலை கொடுப்பது? நெடுங்காலம் அரசுக் கருவூலமே, அதாவது நாமே, கொடுத்துவந்தோம். 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு, மனித உரிமை ஆணையத்தின் பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தும் என்று தீர்ப்பளித்தது. இழப்பீட்டைத் தவறு செய்த அலுவலரிடமிருந்து வசூலிக்கும் வழி அதனால் உறுதிப்பட்டது. சம்பளத்தில் பிடித்தம் என்பது காவலர் குடும்பங்களில் நன்றாகப் புரியும் மொழி. இதில் ஓர் அநீதியும் ஒளிந்திருப்பதை மறைக்க வேண்டியதில்லை: வார விடுமுறைகூட 2021இல்தான் முறையாக அறிவிக்கப்பட்ட ஒரு துறையில், பன்னிரண்டு மணி நேரம் நின்ற காவலரின் சம்பளத்தில் பிடிப்பது எளிது. ஆளைக் கொண்டுவா என்று தொலைபேசியில் சொன்னவரின் ஓய்வூதியத்தில் பிடிப்பது கடினம்.

அந்தக் கடினத்தை ஒரேயொரு வழக்கு ஓரளவு தாண்டியது. 1992 ஜூன் 20 அன்று தர்மபுரி மாவட்டம் வாச்சாத்தியில் சந்தன மரத்தைத் தேடி நுழைந்த வனத்துறை, காவல், வருவாய்த் துறையினர் ஊரைச் சூறையாடினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு உள்ளானார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் அரசு ஊழியர்கள். 2011இல் தீர்ப்பு வந்தபோது 54 பேர் இறந்திருந்தார்கள். மீதி 215 பேரும் தண்டிக்கப்பட்டார்கள். கும்பலாக வந்தார்கள், யார் என்று எப்படிச் சொல்வது என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. மலைவாழ் பெண்கள் அடையாளம் காட்டினார்கள். 2023 செப்டம்பரில் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்த நீதிபதி பி. வேல்முருகன், பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் கொடுக்கவும், அதில் பாதியை வன்முறை செய்தவர்களிடமே வசூலிக்கவும் சொன்னார். களத்தில் இல்லாத அன்றைய ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் ஆகியோர்மீதும் நடவடிக்கை வேண்டும் என்றார். பொறுப்பு மேல் நோக்கி ஏற 31 ஆண்டுகள் ஆயின.

நமது அரசியல்வாதிகளுக்கு இதெல்லாம் புரியாததில்லை. புழலுக்கு முன்னோடியான பழைய மத்திய சிறையில் 1976 பிப்ரவரியில் நெருக்கடி நிலையின்போது மிசா கைதிகளாக அடிபட்டவர்கள் தி.மு.க. தலைவர்கள். அந்தக் காயங்களோடு நலிந்த முன்னாள் மேயர் சிட்டிபாபு 1977 ஜனவரியில் இறந்தார். நீதிபதி எம்.எம். இஸ்மாயில் ஆணையம் அந்தக் கொடுமையை விசாரித்தது. அன்று அதே சிறையில் அடிபட்ட மு.க. ஸ்டாலின் காவல் துறையைத் தம் பொறுப்பில் வைத்திருந்த முதல்வராக இருந்தபோதுதான் 2022 ஏப்ரலில் தலைமைச் செயலகக் காலனிக் காவல் நிலைய மரணமும் ஜூனில் கொடுங்கையூர்க் காவல் நிலைய மரணமும் நடந்தன, மடப்புரமும் நடந்தது. அஜித்குமாரின் தாயிடம் அவர் தொலைபேசியில் வருத்தம் தெரிவித்தார். அ.தி.மு.க.வும் இதில் கையைக் கழுவ முடியாது. காவல் துறைமீதான புகார்களை ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையிலான ஆணையம் விசாரிக்க வேண்டும் என்று 2006இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது. அ.தி.மு.க. ஆட்சியில் வந்த 2013ஆம் ஆண்டுக் காவல் சீர்திருத்தச் சட்டம் அந்த ஆணையத்துக்கு உள்துறைச் செயலரைத் தலைவராகவும் டி.ஜி.பி.யை உறுப்பினராகவும் வைத்தது. மாவட்டத்தில் ஆட்சியரும் கண்காணிப்பாளரும். புகாருக்கு உள்ளானவரின் மேலதிகாரியே புகாரைக் கேட்பார்.

இங்கிலாந்தின் 1984ஆம் ஆண்டுக் காவல், குற்றச் சான்றுச் சட்டத்தில் ஒரு சிறிய ஏற்பாடு உண்டு. நிலையத்துக்குக் கொண்டுவரப்படும் ஒவ்வொருவருக்கும் ஒரு காவல்பொறுப்பு அலுவலர் இருப்பார். அவர் சார்ஜெண்ட் நிலைக்குக் குறையாதவர். அந்த வழக்கின் புலனாய்வில் தொடர்பில்லாதவர். ஆளை வைத்திருக்கலாமா, விட வேண்டுமா என்று தீர்மானிப்பதும் ஒவ்வொரு நிகழ்வையும் நேரத்தோடு பதிவதும் அவர் வேலை. தம்மைவிடப் பதவியில் உயர்ந்த புலனாய்வாளர் அதற்கு மாறாகக் கட்டளையிட்டால், உடனே கண்காணிப்பாளர் நிலையில் உள்ள ஒருவருக்கு அதைத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அங்கும் காவல் மரணங்கள் நடக்கின்றன. ஆனால் ஒரு சார்ஜெண்ட் மறுத்தால் அது ஒழுங்கீனம் ஆகாது.

தமிழகக் காவல் நிலையங்களில் அந்த இடத்துக்கு ஆள் ஏற்கெனவே இருக்கிறார். யார் எப்போது உள்ளே வந்தார், எப்போது வெளியே போனார் என்பது பாரா காவலருக்கும் ஸ்டேஷன் ரைட்டருக்கும் தெரியாமல் இருப்பதில்லை. சாத்தான்குளத்தில் அன்றிரவு ரேவதி பணியில் இருந்ததால்தான் உண்மை தெரிந்தது. கைது செய்த குழுவில் இல்லாத ஒருவர் ஒவ்வொரு ஷிஃப்டிலும் பெயர் குறித்து இதற்குப் பொறுப்பாக வேண்டும். வாய்மொழியாக வரும் கட்டளையைச் சொன்னவர் பெயரோடும் நேரத்தோடும் பொது நாட்குறிப்பில் எழுத அவருக்கு அதிகாரம் வேண்டும். அந்தப் பக்கத்தின் நகல் ரிமாண்ட் காகிதங்களோடு நடுவரிடம் போக வேண்டும். இதற்குச் சட்டமன்றம் கூட வேண்டியதில்லை, காவல் நிலையாணையில் ஒரு திருத்தம் போதும். அப்படி எழுதிய ஏட்டை அடுத்த ஓராண்டுக்கு மாவட்டத்தை விட்டு மாற்றக் கூடாது என்றும் அதே திருத்தத்தில் சேர்க்க வேண்டியிருக்கும்; இல்லாவிட்டால் முதல் வாரத்திலேயே எழுதுவது நின்றுவிடும்.